பழைய தட்டும் புதிய யந்திரமும்

ஒரு கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் மாட்டுவது இன்று நான்கு திருகாணிகளின் வேலை. (அலுவலகத் தமிழில் அதை வன்தட்டு என்கிறோம், கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியவர் எவரையும் நான் அறியேன்.) ஆயினும் ஒரு யந்திரத்தில் எழுதிய தட்டை மற்றொரு யந்திரம் தயங்காமல் படிக்கும் என்னும் நிலைமை எளிதில் வாய்த்ததன்று. அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

1956 செப்டம்பரில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் கணிப்பொறியை அறிவித்தது. ரேனால்ட் ஜான்ஸன் தலைமையில் ஸான் ஹோஸே நகரில் உருவான அதன் சேமிப்புப் பகுதியில், இரண்டடி குறுக்களவுள்ள 50 தட்டுகள் ஒரே தண்டில் சுழன்றன. எடை சுமார் ஒரு டன். கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துக்கள்தாம். அதைக் கழற்றி வேறொன்றில் மாட்டும் பேச்சுக்கே இடமில்லை.

1962-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 1311 என்னும் சாதனம் சலவை யந்திரத்தின் அளவுள்ள பெட்டி. மூடியைத் திறந்து, ஆறு தட்டுகள் கொண்ட அடுக்கைத் தூக்குச்சட்டியைத் தூக்குவதுபோல் கைப்பிடியால் வெளியே எடுக்கலாம். எடை சுமார் ஐந்து கிலோ. அடங்குவது 20 லட்சம் எழுத்துக்கள். காலையில் சம்பளப் பட்டியல் அடுக்கு, பிற்பகலில் சரக்குக் கணக்கு அடுக்கு என்று மாற்றி மாற்றி வைக்கலாயிற்று. ஆனால் திறந்து மூடும் பெட்டிக்குள் தூசி புகும். படிக்கும் முனையோ தட்டின்மேல் மயிரிழையினும் குறைந்த உயரத்தில் மிதப்பது. ஒரு துகள் குறுக்கிட்டாலும் தட்டில் கீறல் விழும். ஆகவே 1973-இல் வந்த 'வின்செஸ்டர்' அமைப்பில் தட்டுகளையும் முனைகளையும் ஒரே உறைக்குள் சேர்த்து மூடிவிட்டனர்.

1980-இல் ஸீகேட் நிறுவனத்தார் ஐந்தேகால் அங்குல அளவில், 50 லட்சம் எழுத்துக்கள் கொள்ளும் சிறு தட்டைக் கொணர்ந்தனர். அதை இயக்கும் மின்னணு அட்டை கணிப்பொறியில் தனியே இருந்தது. ஒரு நிறுவனத்தின் அட்டை பண்படுத்திய தட்டை வேறொரு நிறுவனத்தின் அட்டை பெரும்பாலும் படிக்காது. பெட்டகம் ஓரிடம், சாவி ஓரிடம் என்ற கதைதான். 1986-இல் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் முதலிய நிறுவனங்களின் முயற்சியால் அச்சாவி தட்டின் முதுகிலேயே வந்தமர்ந்தது. 40 ஊசிகள் கொண்ட அந்த இணைப்பு 1994-இல் அமெரிக்கத் தேசியத் தரமாயிற்று. தட்டின் கொள்ளளவு பெருகியதைவிட இதையே நான் பெரிய நிகழ்ச்சியாகக் கருதுகிறேன்.

புதிய தட்டைப் பழைய யந்திரத்தில் மாட்டியவர்கள் வேறொரு விசித்திரத்தைக் கண்டனர். தட்டு எவ்வளவு பெரிதாயினும் சுமார் 52 கோடியே 80 லட்சம் எழுத்துக்களுக்கு மேல் யந்திரத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. இடத்தைக் குறிக்க யந்திரத்துக்கு ஒரு கணக்கு, தட்டுக்கு ஒரு கணக்கு. ஒன்றில் வளையங்களின் எண்ணிக்கைக்கு எல்லை சிறிது, மற்றொன்றில் முனைகளின் எண்ணிக்கைக்கு எல்லை சிறிது. இரண்டும் சேர்ந்தபோது சிறிய எல்லைகளே செல்லுபடியாயின!

2003 முதல் மெல்லிய கம்பியுள்ள 'ஸாட்டா' இணைப்பு பரவவே, 40 ஊசிகளும் பழங்கதையாயின. அதன் பலனை நான் 2013-இல் அனுபவித்தேன். தில்லியில் எங்கள் பிரிவின் பழைய கணிப்பொறி ஒரு நாள் உயிர் விட்டது. பத்து ஆண்டுகளாக நான் தொகுத்த சட்டச் சொற்பட்டியல் அதனுள் இருந்தது. வேறு பிரதி இல்லை. புதிய யந்திரத்தில் 40 ஊசிக்கு இடமில்லை. பழுது பார்க்க வந்த இளைஞர் ஓர் அடாப்டர் கொண்டுவந்து, பழைய தட்டைக் கொண்டே யந்திரத்தை எழுப்பப் பார்த்தார், நீலத்திரைதான் வந்தது. பிறகு அதை இரண்டாம் தட்டாக இணைத்தார். கோப்பு திறந்தது. ஆனால் தமிழ்ச் சொற்களுக்குப் பதிலாகக் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துக்கள் வரிவரியாக நின்றன. நாங்கள் தட்டெழுதியது யூனிகோடுக்கு முந்திய, தனிக் குறியீடு கொண்ட எழுத்துரு. புதிய யந்திரம் அதை அறியாது.

அரை மணி நேரம் எனக்குப் பேச்சே எழவில்லை. இளைஞர்தாம் அந்த எழுத்துருவும் பழைய தட்டிலேயே இருக்கவேண்டும் என்றார், இருந்தது. அதைப் புதிய யந்திரத்தில் நிறுவியதும் 'அ' முதல் 'வ' வரை எல்லாச் சொற்களும் திரும்பின. பட்டியல் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்க மேலும் இரண்டு மாதங்களாயின. பழைய தட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடாப்டரை இளைஞர் அன்றே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.