அளவுகோலும் கைமாறுகிறது: பல் மருத்துவமனை நிருவாகமும் மருத்துவரின் வெற்றியும்

பல் மருத்துவமனை நிருவாகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: மருத்துவர் எந்தெந்த வேலைகளைப் பிறரிடம் விடலாம்? அக்கேள்வி இரண்டாவதாக எழவேண்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம். எதைத் தம் வெற்றியாகக் கொள்கிறோம் என்று மருத்துவர் முதலில் முடிவு செய்யவேண்டும். அதைச் செய்யாமல் நிருவாகத்தை ஒப்படைப்பவர், தம்மை அறியாமலே வெற்றியின் அளவுகோலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் மருத்துவம் செய்த ஆல்ஃபிரட் ஃபோன்ஸின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவர் காலத்துப் பல் மருத்துவர்கள் சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள், அடைத்தார்கள், பல்செட் செய்து கொடுத்தார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த டி. டி. ஸ்மித் என்ற மருத்துவர், குறித்த இடைவெளிகளில் பற்களைச் சுத்தம் செய்து நோயையே தடுக்க முயன்று வந்தார். அதைக் கண்ட ஃபோன்ஸ் தம் நோயாளிகளிடமும் அம்முறையைக் கையாண்டார். பலன் தெரிந்தது. ஆனால் எல்லோருக்கும் தாமே சுத்தம் செய்துகொண்டிருந்தால் பிற சிகிச்சைக்கு நேரமில்லை. எனவே 1906இல் தம் உதவியாளரும் உறவினருமான ஐரின் நியூமனுக்கு அவ்வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913இல் இதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். அதில் பயின்ற பெண்கள் நகரப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்தார்கள். பல் துலக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பல் சுகாதாரப் பணியாளர் என்ற தனித் தொழில் இவ்வாறு பிறந்தது.

இந்த வரலாற்றைப் பணிச்சுமையைக் குறைத்துக்கொண்ட ஒருவரின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அந்த வாசிப்பு போதவில்லை. எத்தனை பல் அடைத்தோம் என்பதையே ஃபோன்ஸ் வெற்றியாகக் கொண்டிருந்தால், சுத்தம் செய்வது அவருக்குச் சில்லறை வேலையாகத் தோன்றியிருக்கும். ஒருவரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அதை மதித்திருக்கமாட்டார். பல் கெடாமல் இருப்பதே வெற்றி என்று அவர் மனத்தில் முதலில் தீர்மானமாயிற்று. நியூமனிடம் எதைக் கொடுப்பது, எதைத் தம்மிடம் வைத்துக்கொள்வது என்ற தெளிவு அதன்பின் வந்தது. திருக்குறளின் அதிகார வரிசையும் இப்படித்தான் செல்கிறது: வலியறிதல் முன்னே நிற்க, தெரிந்து தெளிதல் அதற்குப் பின் வருகிறது, தெரிந்து வினையாடல் அதற்கும் பிறகே வருகிறது.

பிற்காலத்தில் ஃபுளோரிடாவின் பல் மருத்துவர் எல். டி. பேங்கி இச்சிந்தனையை மருத்துவரின் சொந்த வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார். மருத்துவர் ரிச்சர்ட் கேபட் 1914இல் வெளியிட்ட நூலில் வேலை, விளையாட்டு, அன்பு, வழிபாடு ஆகிய நான்கையும் மனித வாழ்வின் ஆதாரங்களாகக் கூறியிருந்தார். அந்நான்கையும் பேங்கி தம் போதனையின் மையத்தில் வைத்தார். உன்னை அறி, உன் நோயாளியை அறி, உன் வேலையை அறி என்பது அவர் கற்பித்த வரிசை. வருமானத்தை அவர் ஒதுக்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தார். ஆயினும் இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. மருத்துவர் மனத்தில் தெளிவு பிறந்துவிட்டது. முன்மேசையில் இருக்கும் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு மருத்துவமனை எதை வெற்றியாக நினைக்கிறது என்பதை அதன் அப்பாயின்ட்மென்ட் நோட்டு காட்டிவிடும். மாலை 5 மணிக்கு ஒரு வேர் சிகிச்சை குறித்திருக்கிறது. அதே நேரத்துக்கு இன்னொருவர் போன் செய்து, பல் சுத்தம் செய்ய வரலாமா என்கிறார். எத்தனை பேரைப் பார்த்தோம் என்பது வெற்றியானால், "வாங்க சார், பாத்துக்கலாம்" என்பதே சரியான பதில். அவசரமில்லாமல் ஒருவருக்கு முழு நேரம் கொடுப்பது வெற்றியானால், "நாளைக்குக் காலையில வர முடியுமா?" என்று கேட்பதே சரி. மருத்துவர் எதுவும் சொல்லிவைக்காதபோது அந்தப் பெண் தானாக ஒரு விடையைத் தேர்ந்துகொள்கிறாள். நாளுக்குப் பலமுறை அவள் எடுக்கும் அந்த முடிவுகள் சேர்ந்தே மருத்துவமனையின் குணமாகின்றன. பிறகு அவளைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

மேலாளருக்கு வசூலில் பங்கு பேசிவிட்டால் நிலைமை இன்னும் கடினம். அடைத்தாலே போதுமான பல்லுக்குக் கேப் பரிந்துரைக்கும்படி மெல்லிய அழுத்தம் வரும். அந்த அழுத்தத்தைத் தந்தவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோல் அதுதான்.

சிறுதொழில் பற்றி எழுதிய மைக்கேல் கெர்பர் 1986இல் வெளிவந்த தம் நூலில் எதிர்த்திசையில் வாதிட்டார். கைத்தொழில் தெரிந்தவர் அத்தொழிலை நடத்தவும் தெரிந்தவர் என்று எண்ணுவது பிழை என்றார். உரிமையாளர் இல்லாவிட்டாலும் இயங்கும் அமைப்பைக் கட்டவேண்டும் என்றார். முதற்பாதி பல் மருத்துவருக்கு முற்றிலும் பொருந்தும். பிற்பாதியை அப்படியே ஏற்க இயலாது. நாற்காலிக்கருகே அமர்ந்து செய்யும் கைவேலைதான் பலருக்கு இத்தொழிலின் நிறைவு. அதிலிருந்து விடுபடுவதை வெற்றி என்று அவர்கள்மேல் சுமத்துவது தவறு. நோயறிதலும் சிகிச்சைப் பொறுப்பும் சட்டப்படியும் மருத்துவரிடமே நிற்பவை. கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தபின், மேலாளர் செய்தார் என்று சொல்லி மருத்துவர் விலகிக்கொள்ள இயலாது.

தமிழ்நாட்டில் ஒரே நாற்காலியுள்ள சிறு மருத்துவமனைகள் ஏராளம். அவற்றில் கணக்கும் கொள்முதலும் பெரும்பாலும் கணவர் அல்லது மனைவி கைக்கோ, நெருங்கிய உறவினர் கைக்கோ போகின்றன. நம்பிக்கை ஏற்கெனவே இருப்பதால் எதையும் விளக்கிச் சொல்லும் பழக்கம் ஏற்படுவதில்லை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே பல் சுகாதாரப் பணியாளரையும் செயற்கைப்பல் தொழில்நுட்பரையும் பதிவுக்குரியவர்களாக ஏற்றது. இருந்தும் சிறு மருத்துவமனைகள் பலவற்றில் பல் சுத்தம் செய்வது இன்றும் மருத்துவரின் கையிலேயே இருக்கிறது. விலைபேசுவதும், மருத்துவர் விடுப்பு எடுப்பதா என்ற முடிவுமோ பிறர் கைக்குப் போய்விட்டன. ஃபோன்ஸ் செய்த பகிர்வுக்கு இது நேர்மாறு.

பி.டி.எஸ். படிப்பில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தின் பகுதியாக மருத்துவமனை நிருவாகம் கற்பிக்கப்படுகிறது. இடத்தேர்வு, அறை அமைப்பு, கருவிகள், பதிவேடுகள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. இவற்றுக்கு முன்னால் இன்னொரு பயிற்சியைச் சேர்க்குமாறு பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாளுக்கு எத்தனை பேரைப் பார்ப்பேன், எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன், பணம் இல்லாதவருக்கு என்ன செய்வேன், எந்தச் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்வேன் என்பவற்றைப் பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் எழுதட்டும். பின்னாளில் முன்மேசைக்கு ஆள் வைக்கும்போது, சாவியோடு அந்தப் பக்கத்தையும் அவரிடம் கொடுக்கட்டும்.