வாக்கர்டன் நகரின் குழாய் நீர் சொல்லும் பாடம்

குடிதண்ணீரால் பரவும் நோய் என்றாலே வெள்ளம் சூழ்ந்த கிராமங்களும் வசதியற்ற குடியிருப்புகளும்தாம் பலரின் நினைவுக்கு வரும். குழாயைத் திறந்தால் தெளிந்த நீர் கொட்டும் ஊர்களில் அந்த அச்சம் எப்போதோ நீங்கிவிட்டது என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் கனடா நாட்டின் ஒரு சிறு நகரம் உலகுக்கு உணர்த்தியது.

அந்த ஊரின் பெயர் வாக்கர்டன். ஒன்டாரியோ மாநிலத்தில், தமிழர்கள் பெருமளவில் வாழும் டோரண்டோ மாநகருக்கு வடமேற்கே அமைந்த ஊர். அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ 4,800. சுற்றிலும் விளைநிலங்களும் கால்நடைப் பண்ணைகளும். அங்கே பஞ்சமும் இல்லை, போரும் இல்லை. ஆயினும் அந்த ஊரின் குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்களில் 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 7 பேர் உயிரிழந்தனர்.

இந்தத் துயரம் எப்படி நேர்ந்தது? இதைத் தடுக்கும் வழி மனிதனுக்குத் தெரியாமல் இருந்ததா? இக்கேள்விகளுக்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

குளோரின் வந்த கதை

1854ஆம் ஆண்டு லண்டன் நகரின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருக் குழாயின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்பது தெரியவந்தது. நோய் காற்றில் வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. அது தண்ணீரில் வருகிறது என்பதற்கு அவர் காட்டிய சான்றை உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

1897ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் குடிநீர் வழியாக டைஃபாய்டு காய்ச்சல் பரவியது. 1,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 132 பேர் மாண்டனர். அப்போது நகரின் தண்ணீர்க் குழாய்களில் குளோரின் கலந்த வெளுப்புத்தூள் கரைசல் செலுத்தப்பட்டு, கிருமிகள் அழிக்கப்பட்டன. 1905இல் லிங்கன் நகரில் டைஃபாய்டு பரவியபோது, குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கும் முறை கையாளப்பட்டது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரமும் இம்முறைக்கு மாறியது. அதன்பின் இது உலகெங்கும் பரவி, எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

குளோரின் வேலை செய்யும் விதத்தை இங்கே தெரிந்துகொள்வது அவசியம். தண்ணீரில் குளோரினைச் சேர்த்தால் மட்டும் போதாது. தண்ணீரில் அழுக்கு இருந்தால், அந்த அழுக்கோடு வினை புரிவதிலேயே குளோரின் செலவாகிவிடும். அழுக்கு மிகுந்தால் குளோரின் முழுவதும் தீர்ந்துபோய், கிருமிகள் தப்பிவிடும். ஆகவே, சேர்த்த குளோரினில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். மீதம் இருந்தால் தண்ணீர் காக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மீதம் இல்லையென்றால் ஏதோ கெட்டது தண்ணீருக்குள் வந்துவிட்டது என்று பொருள். சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

அப்போதைய ஒன்டாரியோ மாநில விதிப்படி, குளோரின் சேர்த்துப் 15 நிமிடங்கள் கழிந்த பின்னும் ஒரு லிட்டர் நீரில் 0.5 மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டியிருந்தது. இதை நாள்தோறும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. வாக்கர்டன் துயரம் இந்தப் பதிவேட்டில்தான் தொடங்கியது.

ஐந்தாம் எண் கிணறு

வாக்கர்டன் நகரம் நிலத்தடி நீரை நம்பியிருந்தது. 1978இல் ஐந்தாம் எண் கிணறு தோண்டப்பட்டது. ஆழம் 15 மீட்டர்தான். மேலே இருந்த மண் படலம் மெல்லியது. அதன் கீழே இருந்ததோ வெடிப்புகள் நிறைந்த பாறை. மேலே விழும் அழுக்கை வடிகட்டப் போதிய மண் அங்கே இல்லை. அருகில் பண்ணை நிலம் வேறு. இந்தக் கிணற்று நீர் மாசுபடும் அபாயம் உண்டு, சுற்றியுள்ள நிலத்தை வாங்கிப் பாதுகாப்பது நல்லது என்று கிணறு தோண்டிய காலத்திலேயே நிபுணர் ஆலோசனை கூறியிருந்தார். அது நிறைவேறவில்லை. கிணற்றுக்கு அனுமதி அளித்த அமைச்சும் கடுமையான நிபந்தனைகளை விதிக்கவில்லை.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் அருகிலிருந்த பண்ணையில் மாட்டெரு இடப்பட்டது. அந்த விவசாயி முறைப்படியே நடந்துகொண்டார் என்றும், அவர் மீது குற்றம் இல்லை என்றும் பின்னர் நடந்த விசாரணை தெளிவாகச் சொன்னது. மே 8 முதல் 12 வரை அப்பகுதியில் கனமழை கொட்டியது. அந்த ஐந்து நாள்களில் பெய்தது 134 மில்லிமீட்டர். எருவில் இருந்த இ.கோலி, கேம்பிலோபாக்டர் என்னும் கிருமிகள் மழைநீரோடு இறங்கிக் கிணற்றுக்குள் புகுந்தன.

அன்றைக்கு யாராவது மீந்திருக்கும் குளோரினை அளந்திருந்தால் அளவு குறைந்திருப்பது தெரிந்திருக்கும். கிணற்றை உடனே மூடியிருக்கலாம். ஆனால் அளக்க வேண்டியவர்கள் அளக்கவில்லை. அளந்ததுபோல் ஓர் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த ஊழியர்கள் பல ஆண்டுகளாகவே இப்படித்தான் செய்து வந்தனர். குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊர் மக்களில் சிலர் குறைபட்டதுண்டு. அதனால் தேவையான அளவைவிடக் குறைவாகச் சேர்த்தனர். இன்னொன்றும் கவனத்திற்குரியது. குடிநீர் வாரியத்தின் மேலாளரும் அவருடைய சகோதரரான மேற்பார்வையாளரும் சுத்திகரிக்காத கிணற்று நீரைத் தாங்களே குடித்து வந்தவர்கள். தங்கள் ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினர். இருவரும் பயிற்சியோ தேர்வோ இல்லாமல், பணி அனுபவத்தின் பேரிலேயே தகுதிச் சான்றிதழ் பெற்றவர்கள். இ.கோலி உயிரைக் கொல்லக்கூடும் என்பதை அவர்களுக்கு யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை.

மறைக்கப்பட்ட நான்கு நாள்கள்

மே 15ஆம் தேதி எடுத்த தண்ணீர் மாதிரிகளில் இ.கோலி இருப்பதை மே 17ஆம் தேதி தனியார் ஆய்வகம் ஒன்று குடிநீர் வாரியத்துக்குத் தெரிவித்தது. சுகாதாரத் துறைக்கு அது தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. 1996 வரை நகராட்சிகளின் குடிநீரை அரசாங்க ஆய்வகங்களும் சோதித்து வந்தன. செலவைக் குறைப்பதற்காக அந்தச் சேவை நிறுத்தப்பட்டு, பணி தனியாரிடம் போனது. பணி கைமாறியபோது, ஆபத்தான முடிவை யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியை எழுத எவரும் முன்வரவில்லை.

மே 19ஆம் தேதி, வயிற்றுப்போக்கில் இரத்தம் வெளியேறிய நிலையில் பிள்ளைகள் மருத்துவமனைக்கு வந்தனர். சந்தேகம் கொண்ட சுகாதாரத் துறையினர் குடிநீர் வாரியத்தைக் கேட்டனர். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மேலாளர் பதில் சொன்னார். ஆய்வக முடிவு அவர் கையில்தான் இருந்தது. ஒருபுறம் அப்படிச் சொல்லிவிட்டு, மறுபுறம் குழாய்களில் அதிக அளவு குளோரினைச் செலுத்தி, குற்றத்தின் தடயத்தைக் கழுவிவிட முயன்றார். மறுநாள் மீண்டும் கேட்டபோதும் அதே பதில்தான். அந்த நாள்களில், உடல் நலிந்த பிள்ளைகளுக்கு நிறையத் தண்ணீர் கொடுக்கும்படி சொல்லப்பட்டது. பெற்றோர் எந்தத் தண்ணீரைக் கொடுத்திருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மே 20ஆம் தேதி, வாரியத்தின் ஊழியர் ஒருவர் தம் பெயரைச் சொல்லாமல் சுற்றுச்சூழல் அமைச்சின் அவசரப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, சோதனை முடிவுகள் மோசமாக இருப்பதைத் தெரிவித்தார். மே 21ஆம் தேதி, வட்டாரச் சுகாதார அதிகாரி டாக்டர் மர்ரி மெக்குவிக், வாரியத்தின் உறுதிமொழியை நம்பாமல், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி பொதுமக்களுக்கு அறிவித்தார். மறுநாளே முதல் மரணம் நேர்ந்தது. 27 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கடும் பாதிப்பு ஏற்பட்டது. கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு டிசம்பர் 5ஆம் தேதி வரை நீடித்தது.

விசாரணை கண்ட உண்மை

நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2002ஆம் ஆண்டு இரு பகுதிகளாக வெளிவந்தது. கிணற்றில் குளோரினையும் நீரின் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவிகள் இருந்திருந்தால் இந்த நோய்ப் பரவலே நிகழ்ந்திருக்காது என்று அவர் முடிவுகட்டினார். மே 19ஆம் தேதியே மேலாளர் உண்மையைச் சொல்லியிருந்தால் 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பர் என்றும் அவர் கணக்கிட்டார்.

பழி இரு சகோதரர்களோடு நின்றுவிடவில்லை. 1998இல் சோதனைக்கு வந்த அமைச்சின் ஆய்வாளர் பல குறைகளைக் கண்டார். ஆனால் அவை திருத்தப்பட்டனவா என்று பார்க்க மறுபடி யாரும் வரவில்லை. 1990களின் பிற்பகுதியில் அந்த அமைச்சு 750க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் குறைத்திருந்தது. கிணற்றடியில் எழுதிய பொய் எண், கண்காணிக்க ஆள் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் உண்மையாகவே நின்றது.

2004ஆம் ஆண்டு இறுதியில், பொதுமக்களுக்கு ஊறு விளைவித்த குற்றத்துக்காக மேலாளருக்கு ஓராண்டுச் சிறையும், அவருடைய சகோதரருக்கு ஒன்பது மாத வீட்டுக் காவலும் விதிக்கப்பட்டன. 7 உயிர்களுக்கு இது ஈடாகுமா என்று ஊரார் கேட்டதில் வியப்பில்லை.

ஓகானர் அளித்த 121 பரிந்துரைகளின் அடிப்படையில் ஒன்டாரியோ 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தையும், 2006இல் நீர் ஆதாரங்களைக் காக்கும் தூய நீர்ச் சட்டத்தையும் இயற்றியது. தண்ணீரில் ஆபத்து தெரிந்தால் ஆய்வகமே அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. 2004இல் வாக்கர்டன் நகரிலேயே குடிநீர்ப் பணியாளர்களுக்கான பயிற்சி மையம் நிறுவப்பட்டது.

பாடம் எல்லாருக்கும் எட்டியதா? 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில், நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த் என்னும் சிறு நகரில் மீண்டும் ஒரு கனமழை. இம்முறை ஆட்டுச் சாணம் கிணற்று நீரில் கலந்தது. ஏறத்தாழ 14,000 பேர் வாழ்ந்த ஊரில் 5,500 பேர் நோயுற்றதாக முதலில் மதிப்பிடப்பட்டது. நிலத்தடி நீர் தூய்மையானது என்ற நம்பிக்கையில் அங்கே குளோரினே சேர்க்கப்படவில்லை. வாக்கர்டன் அனுபவம் பதினாறு ஆண்டுகளாக அச்சில் இருந்தும், கடலுக்கு அப்பால் இருந்த ஊர் அதைத் தன் கதையாக எண்ணவில்லை.

பெரிய நகரங்களில் பொறியாளர்களும் ஆய்வகங்களும் பலர் கண்காணிப்பும் இருக்கும். ஒருவர் தவறினால் இன்னொருவர் கண்டுபிடிப்பார். சிறு நகரத்தில் கிணற்றுக்கும் குழாய்க்கும் இடையே ஓரிருவர்தாம் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் எழுதும் எண்ணைச் சரிபார்ப்பதும், கெட்ட செய்தியை மறைக்க முடியாதபடி சட்டம் செய்வதும் அரசாங்கத்தின் கடமை. தங்கள் ஊர்த் தண்ணீரை யார் சோதிக்கிறார்கள், முடிவு யாருக்குப் போகிறது என்று கேட்பது பொதுமக்களின் உரிமை. வாக்கர்டன் மக்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஏழு வீடுகளில் துக்கம் நிகழ்ந்து முடிந்திருந்தது. மற்ற ஊர்கள் அதற்கு முன்பே கேட்கலாம்.