ஆய்வு வினாவின் பயணம்: ஹோமர் முதல் சங்கப் பாடல் வரை

ஆய்வேடு எழுதப் புகுவோர் முதலில் நாடுவது தலைப்பை. தலைப்பு கிடைத்ததும் ஆய்வு பாதி முடிந்துவிட்டதாகக் கருதுவோரும் உளர். ஆயின் தலைப்பு என்பது பரந்த நிலம். அதில் எவ்விடத்தில் கிணறு தோண்டுவது என்பதை உறுதி செய்வது வினாவே. வினா கூர்மை பெறாத ஆய்வேடு, தகவல்களின் தொகுப்பாக நின்றுவிடுகிறது. ஒரு வினா படிப்படியாகத் திருத்தம் பெற்று ஓர் இலக்கியத் துறையின் போக்கையே மாற்றிய வரலாறு ஒன்று உண்டு. கிரேக்கத்தைப் பற்றி எழுந்த அவ்வினா, பின்னர் சங்கப் பாடல்களையும் வந்து தொட்டது.

1795ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் ஆகஸ்ட் வுல்ஃப், ஹோமரின் காவியங்கள் எழுத்தின் துணையின்றித் தோன்றிப் பிற்காலத்தே தொகுக்கப்பட்டவை என வாதிட்டார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்து நின்றனர். ஹோமர் ஒருவரா, பலரா என்பதே அவர்தம் வினா. ஒரே அடிகளை இரு அணியினரும் தத்தமக்குச் சான்றாகக் காட்டினர். எந்தச் சான்று கிடைத்தால் வழக்குத் தீரும் என்பதை அவ்வினா சொல்லவில்லை. அதுவே அதன் குறை.

1902இல் பிறந்த அமெரிக்கர் மில்மன் பேரி, இந்த வழக்கில் எப்பக்கமும் சாராமல் வினாவையே மாற்றினார். 1923இல் பெர்க்லியில் அளித்த முதுகலை ஆய்வேட்டில் பழங்கிரேக்கக் காவியத்தின் சொல்லாட்சியை ஆராய்ந்தவர், பாரிசில் 1928இல் அளித்த முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் அடைமொழிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். இலியத்தில் அக்கிலீஸ் சினங்கொண்டு கப்பல்களின் அருகே அமர்ந்திருக்கும்போதும் விரைந்த காலினன் எனப்படுகிறான். கரையில் நிற்கும் கப்பல்களும் விரைந்த கப்பல்களே. இவற்றுக்கு நயவுரை கண்டோர் பலர். பேரி கேட்டதோ வேறு: அந்த அடைமொழியை அங்கே நிறுத்தியது பொருளா, யாப்பா?

இவ்வினா சிறியது, ஆனால் எண்ணிப் பார்த்து விடை காணத்தக்கது. கிரேக்கக் காவியத்தின் அறுசீர் அடியில் எஞ்சியிருக்கும் இடத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொரு வீரனுக்கும் வெவ்வேறு அடைமொழி அமைந்திருந்தது. ஒரே அளவுக்கு, ஒரே வேற்றுமைக்கு, பெரும்பாலும் ஒன்றே இருந்தது. இத்துணை விரிவும் இத்துணைச் சிக்கனமும் கொண்ட அமைப்பைத் தனியொரு கவிஞன் தன் வாழ்நாளில் உருவாக்கியிருக்க இயலாது. தலைமுறைகளின் மரபே அதனைச் செதுக்கியிருக்க வேண்டும் என்பது பேரியின் முடிவு.

அந்த முடிவு உறுதியானது. ஆயினும் அதற்கோர் எல்லை இருந்தது. சொல்லாட்சி மரபு வழிப்பட்டது என்பதையே அது மெய்ப்பித்தது. வாய்மொழியாகப் பாடப்பட்டது என்பதை மெய்ப்பிக்கவில்லை. ஆசிரியர் அன்த்வான் மெய்யேயின் கருத்துரைகளே மரபிலிருந்து வாய்மொழியை நோக்கித் தம் கண்ணைத் திருப்பின என்று பேரியே பின்னர் எழுதினார். தென் சிலாவிய நாட்டுப் பாடகர்களை நேரில் கண்டு ஆராய்ந்த மத்தியா முர்கோவின் தொடர்பும் மெய்யே வழியாகவே வாய்த்தது. வினா மறுபடியும் திருத்தம் பெற்றது: எழுத்தறியாப் பாடகன் பாடும்போதே எவ்வாறு அடிகளை யாக்கிறான்?

இதற்கு நூலகத்தில் விடையில்லை. 1933இலும், 1934-35இலும் பேரி யூகோஸ்லாவியாவில் தங்கி, குஸ்லே என்னும் நரம்பிசைக் கருவியுடன் பாடுவோரை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவர்களுள் தலைசிறந்தவர் அவ்தோ மெஜெதோவிச். முன்பின் கேட்டறியாத ஒரு பாடலை மற்றொரு பாடகர் 2,294 அடிகளில் பாடக் கேட்டு, அதனையே அவர் 6,313 அடிகளில் விரித்துப் பாடினார். ஆயத்தச் சொற்றொடர்களைக் கையாள்பவன் படைப்பாளி ஆகானோ என்று ஐயுறும் கவிஞர்க்கு இந்நிகழ்ச்சியே மறுமொழி. மரபு கொடுத்த சொற்கள் எல்லாப் பாடகர்க்கும் பொது. அவற்றால் எழுப்பும் மாளிகை அவரவர்க்கே உரியது.

1935 டிசம்பரில், 33ஆம் வயதில் பேரி மறைந்தார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் அப்பணியைத் தொடர்ந்து 1960இல் நூலாக்கினார்.

இந்த வினாவைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் அவர் எழுதிய ஆய்வேடு, 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாகக் கண்டு, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் கருப்பொருள்களையும் பாணர் மரபோடு இணைத்துக் காட்டியது அந்நூல். பாடல்களைக் காலக் குறிப்புகளின் களஞ்சியமாகவே நோக்கிய ஆய்வுலகில், அவை எவ்வாறு யாக்கப்பட்டன என்று கேட்டது பெரும் திருப்பம்.

மறுப்பும் எழுந்தது. 1975இல் ஜார்ஜ் ஹார்ட், சங்கப் பாடல்கள் பாணரின் வாய்மொழிப் பாடலை முன்மாதிரியாகக் கொண்டு, எழுத்தறிந்த புலவர் இயற்றியவை என்றார். இருவர் கூற்றையும் எடைபோடுமுன் நோக்கத்தக்கன சில உள. பேரியின் சான்று பல்லாயிரம் அடி கொண்ட காவியங்களில் தோன்றியது. குறுந்தொகைப் பாடலோ பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. பத்துப்பாட்டில் மிக நீண்ட மதுரைக்காஞ்சி 782 அடி. கிரேக்க அறுசீர் அடியின் இறுக்கம் ஆசிரியப்பாவுக்கு இல்லை. திணையும் துறையும் வகுத்த மரபு, எழுதுவோனையும் ஒரே தொடருக்கு இட்டுச் செல்லக்கூடும். எனவே தொடர்கள் மீண்டும் வருவது மரபுக்குச் சான்றாகும். வாய்மொழிக்குச் சான்றாக அது மட்டும் போதாது. பேரி தம் ஆய்வேட்டில் கண்ட அதே எல்லைதான் இது.

ஆகவே, சங்கப் பாடல் வாய்மொழியா, எழுத்தா என்னும் பெருவினாவும் சிறுக்க வேண்டியதாகிறது. எந்தத் தொகையில், எந்தத் துறையில், எந்தத் தொடர் யாப்பின் தேவையால் வந்தது, எது திணைமரபால் வந்தது என்று பிரித்துக் கேட்டால் அதற்குச் சான்று தேட இயலும். பிறர் நிலத்தில் விளைந்த வினாவை நம் நிலத்துக்கேற்பத் திருத்திக்கொள்வது அதனை மறுப்பதாகாது. கைலாசபதி தொடங்கிய பணியைத் தொடர்வதேயாகும். எந்தச் சான்று கிடைத்தால் தன் கருத்தைக் கைவிடலாம் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கும் ஆய்வாளனே வினாவைச் செம்மையாக வகுத்தவனாவான்.