பன்னிரண்டு மணி நேரமும் பத்து நாட்களும்

செஞ்சி ஒன்றும் ஆலை நகரம் இல்லை. கோட்டை, விவசாயம், நெல் மூட்டைகள் வந்து இறங்கும் விற்பனைக்கூடம், திண்டிவனம் - திருவண்ணாமலை பஸ்கள், அவ்வளவுதான். இங்கே வேலை நேரத்துக்கு வெயில்தான் கணக்கு. நடவுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வயலில் இறங்கி, உச்சி வெயிலுக்கு முன் கரையேறப் பார்ப்பார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அதன் மேல் கட்டிய அரசர்களின் பெயர்களைப் பரீட்சைக்குப் படிக்கிறோம். கல் சுமந்தவர்கள் எத்தனை நாழிகை சுமந்தார்கள் என்பது எந்தப் பாடத்திலும் வருவதில்லை!

ஆனால் எங்கள் ஊர்ப் பையன்களும் பெண்களும் வேலைக்குப் போவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு பக்கம். அங்கே கணக்கு வெயில் இல்லை, ஷிப்ட். அதனால்தான் 2023 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றத்தில் நடந்த ஒரு விஷயம் எங்களுக்கும் சம்பந்தப்பட்டதாக இருந்தது.

அந்த ஏப்ரல் 21-ம் தேதி தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு தமிழ்நாடு திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. புதிதாக 65-ஏ என்று ஒரு பிரிவு. விண்ணப்பிக்கும் தொழிற்சாலைக்கு தினசரி வேலை நேரம், வார வேலை நேரம், இடைவேளை, ஓவர்டைம் போன்ற விதிகளிலிருந்து அரசு விலக்கு கொடுக்கலாம் என்பது அதன் சாரம். இதற்கு அரசு சொன்ன பெயர் "நெகிழ்வான வேலை நேரம்". முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் இதை எதிர்பார்க்கின்றன என்றார் அமைச்சர் தங்கம் தென்னரசு. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் வேலை, மூன்று நாள் லீவு, விருப்பப்படுகிற தொழிலாளிக்கு மட்டும் என்று விளக்கம் கொடுத்தார் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் லீவு யாருக்குக் கசக்கும்?

இங்கே கொஞ்சம் ஜெர்மனி வரை போய் வருவோம். நெகிழ்வான வேலை நேரம் என்ற முறை பிரபலமானது 1967-ல், மியூனிக் பக்கத்தில் ஓட்டோப்ரூனில் இருந்த போல்கோவ் விமானத் தொழில் நிறுவனத்தில். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்ததால் சாலையிலும் வாசலிலும் நெரிசல். கிறிஸ்டல் கேமரர் என்ற பெண்மணி கொடுத்த யோசனைப்படி, நடுப்பகலில் சில மணி நேரம் மட்டும் எல்லோரும் இருக்க வேண்டும், மற்றபடி எப்போது வருவது, எப்போது போவது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று வைத்தார்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு நிதானமாக வரலாம். அங்கே நெகிழ்ந்தது கம்பெனி. 65-ஏ பிரிவில் விண்ணப்பம் போடுவது யார்? தொழிற்சாலை. "விருப்பப்பட்டால்" என்பது அமைச்சரின் வாயில் இருந்தது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் சூப்பர்வைசரிடம் போய் "எனக்கு விருப்பம் இல்லை சார்" என்று சொல்வதை நீங்களே கற்பனை செய்து பாருங்கள்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். 48 என்பது 55 இல்லை, உண்மைதான். ஆனால் பஸ்ஸில் போகிற நேரம் எந்தச் சட்டத்திலும் கணக்கு கிடையாது. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வையுங்கள். பன்னிரண்டோடு மூன்று சேர்ந்தால் பதினைந்து. மிச்சம் ஒன்பது மணி நேரத்தில் ஒரு பெண் சமைத்து, துவைத்து, பிள்ளையைப் பார்த்து, தூங்கவும் வேண்டும். மூன்று நாள் சேர்த்துத் தூங்கிக்கொள் என்றால் தூக்கம் என்ன சேமிப்புக் கணக்கா?

இந்த எட்டு மணி நேரமும் சும்மா வந்துவிடவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூண்ட வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு வார விடுமுறையும் கோரிக்கை. 1911 சட்டத்தில்கூட ஜவுளி ஆலை ஆண்களுக்கு ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரம்தான்! 1918 ஏப்ரல் 27-ல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் உருவானபோது, பின்னி ஆலைக்காரர்களின் ஆரம்பக் குறைகளில் ஒன்று மதிய இடைவேளை மிகக் குறைவு என்பது. சாப்பிட இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டார்கள், அவ்வளவுதான். பிறகு 1922-ல் பதினொரு மணி, 1934-ல் பத்து மணி என்று குறைந்தது. வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் காலத்தில் கொண்டுவந்த 1946 திருத்தம் வாரத்துக்கு 48 என்று ஆக்கியது. அதையே 1948 சட்டம் உறுதி செய்தது. பன்னிரண்டிலிருந்து இங்கே வந்து சேர முப்பத்தைந்து வருடம்.

அதனால்தான் 2023-ல் எதிர்ப்பு அவ்வளவு வேகமாகக் கிளம்பியது என்று நினைக்கிறேன். காங்கிரஸ், விசிக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் கூட்டணியில் இருந்துகொண்டே வெளிநடப்பு செய்தன. திமுகவின் சொந்தச் சங்கமான தொமுசவே மறுபரிசீலனை கேட்டது. ஏப்ரல் 24 அன்று தொழிற்சங்கங்களுடன் பேச்சு முடிந்ததும் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். மசோதா நிறைவேறி பத்தாவது நாள். தேதியைக் கவனியுங்கள்: சிங்காரவேலர் 1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருடம்!

அத்தோடு கதை முடியவில்லை. 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1948 சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது அதில் ஒன்று. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று புதிய சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இடைவேளையையும் சேர்த்து ஒரு நாள் வேலை மொத்தம் பத்தரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று பழைய சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது. புதிதில் அந்தக் கணக்கை அரசு அறிவிப்புக்கு விட்டுவிட்டார்கள்.