செந்தட்டி: கொல்லைப்புறத்துல கொஞ்சம் வரலாறு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். பொங்கலுக்கு நாலு நாள் லீவு கிடைச்சுது, ஊருக்கு ஓடிட்டேன். ஊர்னா பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையோரம் ஒரு சின்ன கிராமம்.

போன இடத்துல சும்மா இருந்திருக்கலாம். கொல்லைல முருங்கை மரத்தடியில புதர் மண்டிக் கிடந்துச்சு. நாள் பூரா கீபோர்டு தட்டுற கைக்கு ஒரு வேலை கொடுப்போமேன்னு இறங்கினேன். வேலியில சுத்தியிருந்த ஒரு கொடியைப் புடிச்சு இழுத்தேன் பாருங்க... அவ்வ்வ்! முதல்ல சுரீர்னு ஒரு எரிச்சல். அப்புறம் தடிப்பு. அப்புறம் அரிப்பு.

"செந்தட்டியப் போயி யாராச்சும் வெறுங்கையால புடுங்குவாங்களாடா? தேய்க்காத, தேய்க்காத!" அப்பாயி திண்ணையிலேர்ந்து கத்துறதுக்குள்ள நான் நல்லாவே தேய்ச்சு முடிச்சிருந்தேன். :(

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அரிப்போட உக்காந்து இந்தச் செடியோட ஜாதகத்தைத் தேட ஆரம்பிச்சேன். இந்தப் பதிவு அதோட விளைவு.

வெளிநாட்டு நண்பர்கள் 'நெட்டில்'னு புலம்புவாங்களே, அது வேற, இது வேற. ஐரோப்பாவோட நெட்டில் அர்ட்டிகா இனம். அதோட முடிகள் சிலிக்காவால ஆன கண்ணாடி ஊசி மாதிரி. நுனி ஒடைஞ்சு தோலுக்குள்ள ஹிஸ்டமின் மாதிரியான சரக்கை இறக்கும். நம்ம செந்தட்டி ஆமணக்குக் குடும்பம். டிராஜியா இனத்துச் செடிகளோட முடிக்குள்ள கால்சியம் ஆக்சலேட் படிகம் ஊசி மாதிரி நிக்கும். தொட்டா அது குத்தி வழி பண்ணும், அந்த வழியா எரிச்சல் சரக்கு உள்ள போகும். ரெண்டு குடும்பமும் தனித்தனியா கண்டுபுடிச்ச ஒரே டெக்னிக். ரெண்டு கம்பெனி வேற வேற கோடு எழுதி ஒரே அவுட்புட் கொண்டு வர்ற மாதிரி. :)

இனி வரலாறு. செந்தட்டி, காஞ்சொறி, சிறுகாஞ்சொறின்னு நம்மகிட்ட பல பேர் இருக்கு. மலையாளத்துல சொறியணம். 'சொறி'ங்கிற அதே சொல்தான். இந்தச் சொல் 1679லயே ஆம்ஸ்டர்டாம்ல அச்சேறிடுச்சுன்னா நம்புவீங்களா? கொச்சியில டச்சுக்காரங்களோட கவர்னரா இருந்த வான் ரீடு, 'ஹோர்டஸ் மலபாரிகஸ்'னு 12 தொகுதிகள் கொண்டு வந்தார் (1678-1693). அதுல ரெண்டாவது தொகுதியில 'ஸ்கொரிகெனம்'னு படத்தோட இருக்கு நம்ம ஆளு. 1753ல லின்னேயஸ் இதுக்கு டிராஜியா இன்வொலூக்ரேட்டான்னு பேர் வச்சார். டிராஜியாங்கிறது ஹியரோனிமஸ் போக்ங்கிற 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தாவர அறிஞர் நினைவா வந்த பேர். ஜெர்மன்ல போக்னா கிடா. கிரேக்கத்துல ட்ராகஸ்னாலும் கிடாதான். ஆக, நம்ம வேலிச் செடி உலக அரங்குல ஒரு ஜெர்மன் கிடா பேர்ல உலாவுது!

எங்க ஊர்லேர்ந்து கிழக்கே போனா கடற்கரையில தரங்கம்பாடி. லின்னேயஸோட மாணவர் கோனிக் அங்க டாக்டரா வந்து இறங்கினது 1768ல. டெல்டாவோட செடிகொடிகள் காய்ஞ்ச இலைகளா ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுச்சு. 1776ல வந்த பாதிரியார் ராட்லர் செடியும் சேர்த்தார், தமிழ்-ஆங்கில அகராதியும் தொகுத்தார். தஞ்சாவூர்ல ரெண்டாம் சரபோஜி (1798-1832) தன்வந்திரி மகால்ல நாட்டு வைத்தியத்தையும் ஐரோப்பிய வைத்தியத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டிருந்தார். அந்தக் காலத்து டெல்டா ஒரு பெரிய தாவரவியல் லேபா இருந்திருக்கு.

சரி, இந்த எரிச்சல் புடிச்ச செடியால யாருக்கு என்ன பிரயோஜனம்? 2020 லாக்டவுன் ஞாபகம் இருக்கா? தெருத்தெருவா கபசுரக் குடிநீர் கொடுத்தாங்களே, அதுல 15 சரக்கு. சுக்கு, திப்பிலி, இலவங்கம்னு போற அந்த லிஸ்ட்ல 'சிறுகாஞ்சொறி வேர்'னு ஒண்ணு வரும். அதேதான்! லிஸ்ட்ல இன்னொண்ணு கோரைக்கிழங்கு. நம்ம ஜனங்க வயல்ல தலைமுறை தலைமுறையா திட்டிக்கிட்டே புடுங்குற கோரை. அந்தக் கசாயம் கொரோனாவைக் கேட்டுச்சா இல்லையாங்கிற சண்டைக்கு நான் வரல. கொல்லையில வெட்டி எறிஞ்சதையே டம்ளர்ல வாங்கி மூக்கைப் புடிச்சுக் குடிச்சிருக்கோம்ங்கிறதுதான் மேட்டர்.

மறுநாள் காலையில கொல்லை சுத்தம் பண்ண வழக்கமா வர்ற அக்கா வந்தாங்க. பழைய முழுக்கைச் சட்டை ஒண்ணைப் புடவைக்கு மேல மாட்டியிருந்தாங்க. என் கையைப் பாத்துச் சிரிச்சாங்க.

"தம்பிக்கு ஒரு நாளுக்கே இப்படியா? நாங்க சின்னப் புள்ளையிலேர்ந்து புடுங்குறோம். அப்பல்லாம் ஏது சட்டை?"

எனக்குச் சட்டுனு பேச்சு வரல. 28 வயசு ஆகுது, இந்தக் கொல்லையில விளையாடி வளர்ந்தவன், செந்தட்டி என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை. என்னைத் தொடாம இருந்ததுக்குக் காரணம் செடி இல்ல. எனக்கு முன்னாடி யாரோ ஒருத்தங்க கை அதைத் தொட்டிருக்கு.

தேடினப்ப படிச்ச இன்னொரு விஷயம் அப்பதான் உறைச்சுது. வங்காளத்துல இந்தச் செடிக்கு பிச்சுட்டின்னு பேர். 1850ல அக்ஷய் குமார் தத்தா 'தத்துவபோதினி' பத்திரிகையில, ஜமீன்தார்கள் குடியானவங்களை எப்படியெல்லாம் வதைச்சாங்கன்னு ஒரு பட்டியலே போட்டார். அதுல உடம்புல பிச்சுட்டி தேய்க்கிறதும் ஒண்ணு. நம்ம டெல்டாவில செந்தட்டிக்குப் பதிலா சாணிப்பாலும் சவுக்கடியும். 1940கள்ல பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்து போராடித்தான் அது ஓய ஆரம்பிச்சுது. தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952ல.

அதோட முடியல. வீட்டுத் தோட்டம்னு நாம சாதாரணமா சொல்றோம். தோட்டம் வேணும்னா முதல்ல மனை வேணும். பண்ணையாட்கள் குடிசை போட்டிருந்த இடம் மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினா குடிசையும் போகும். குடியிருந்த மனையை அவங்களுக்கே சொந்தமாக்குற சட்டம் வந்தது 1971ல. அந்த அக்காவோட மாமனார் பேர்ல பட்டா வந்ததும் அதுக்கப்புறம்தானாம்.

"உங்க வீட்டுலயும் செந்தட்டி இருக்கா அக்கா?"

"இல்லாமயா? வேலியில ஒரு ஓரமா விட்டு வச்சிருக்கேன். மாடு உள்ள வராது. எங்க கொல்லை, எது இருக்கணும்னு நாமதான சொல்லணும்?"

இட்டி அச்சுதன்னு ஒரு ஈழவ வைத்தியர் சொல்லித் தந்ததாலதான் வான் ரீடு புத்தகம் உருவாச்சு. நல்லவேளை, அவர் பேரை முதல் தொகுதியிலயே போட்டுட்டாங்க. ஆனா அந்தச் சொறியணத்தைக் கையால பறிச்சுக் கொண்டு வந்து கொடுத்த கூலியாள் யாரு? லின்னேயஸ் பேர் இருக்கு, கிடா பேர் கூட இருக்கு. அரிச்ச கையோட பேர் மட்டும் இல்ல.

கடைசியா, கொல்லை வச்சிருக்கவங்களுக்குக் கொஞ்சம் உபயோகமா:

- முழுக்கைச் சட்டை, தடிமனான கையுறை இல்லாம தொடாதீங்க. வேலைக்கு ஆள் கூப்பிட்டாலும் அதை நீங்க வாங்கிக் கொடுங்க. இது ரொம்ப முக்கியம்.
- மழை பெஞ்சு மண் இளகினதும் களைக்கொத்தால வேரோட எடுங்க. மேல மட்டும் வெட்டினா திரும்பத் துளிர்க்கும்.
- மூணு பிரிவா இருக்குற காய் முத்தி வெடிக்கிறதுக்குள்ள எடுத்துடுங்க. வெடிச்சா விதை சிதறிடும்.
- பட்டுடுச்சுன்னா தேய்க்காதீங்க. செல்லோ டேப் ஒட்டி உரிச்சு முடிகளை எடுத்துட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்க. மூச்சு வாங்குனா, முகம் வீங்குனா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.
- இடம் இருந்தா வேலி ஓரம் ஒண்ணு ரெண்டு கொடியை விட்டு வைங்க. ஆமணக்குல வளர்ற சில வண்ணத்துப்பூச்சிகளோட புழுக்களுக்கு இதுவும் சாப்பாடு.

ஊர்லேர்ந்து கிளம்புறதுக்கு முன்னாடி பாபநாசம் கடைத்தெருவுல ரெண்டு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி அக்காகிட்ட கொடுத்தேன். "இதைப் போட்டா புடி கிடைக்காது தம்பி"ன்னு சொல்லிட்டு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. போட்டுக்கிறாங்களான்னு அடுத்த லீவுல போய்ப் பாக்கணும்.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

பி.கு: பள்ளிக்கூடத்துல பெஞ்சுல பூனைக்காலி முடியைத் தூவி விளையாடின கதையெல்லாம் தனிப் பதிவு. அது வேற செடி, அதோட விதையில எல்-டோபா இருக்குன்னு 1937லயே நம்ம சென்னையில கண்டுபுடிச்சாங்க. ஆணி குறைஞ்சா எழுதுறேன். :)