தருமபுரி மாவட்ட ஃபுளோரோசிஸ்

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடால் மனிதருக்கும் கால்நடைக்கும் பல்லிலும் எலும்பிலும் உண்டாகும் நோய் ஃபுளோரோசிஸ். மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலத்தைச் சேர்த்தே ஆராயும் ‘ஒரே சுகாதாரம்’ என்னும் அணுகுமுறை எவ்வளவு தேவை என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

நோயின் வேர் பாறையில் இருக்கிறது. இங்குள்ள சார்னோகைட், நைஸ், கிரானைட் பாறைகளின் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் கனிமங்களில் ஃபுளோரைடு பொதிந்துள்ளது. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் ஃபுளோரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் கரைந்தபடியே நிற்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை கூறுகிறது. காய்ச்சுவதால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறும்.

பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் இந்நீரைக் குடித்தவர்களின் நிலைப்பற்களில் சுண்ணவெள்ளைத் திட்டும் காவிக்கறையும் விழுகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அவை போவதில்லை. அந்தக் கறைக்காகப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கவே கூசுவது, எந்த ஆய்வு அட்டவணையிலும் ஏறாத துன்பம். அதிக அளவு ஃபுளோரைடு பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் மூட்டு இறுகும், முதுகெலும்பு விறைக்கும். முற்றிய நிலையை மாற்ற மருந்து இல்லை.

இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முன்னோடி மருத்துவ ஆய்வு, எச். இ. ஷார்ட்டும் உடன் பணியாற்றியோரும் சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியைப் பற்றி 1937இல் வெளியிட்டது. அங்கே உழவுமாடுகள் மூட்டு விறைத்து நடக்க இயலாமல் போனதை உழவர்கள் முன்பே கவனித்திருந்தனர். இதில் வியப்பில்லை. மாடு நாள்தோறும் குடம் குடமாகக் குடிக்கிறது. அதே நீர் பாய்ந்த தீவனத்தையும் மேய்கிறது. பாதிக்கப்பட்ட மாட்டின் முன்பற்கள் கறைபட்டுச் சீரற்றுத் தேயும். தீனி மெல்ல முடியாமல் உடல் மெலியும், பால் வற்றும், கால் நொண்டும். பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவாகவே கலப்பதால், பாலைச் சோதித்து மாட்டின் நிலையை அறிய முடியாது. பல்லையும் எலும்பையும் சிறுநீரையும்தான் பார்க்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன், 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேறிய அது 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. பாறை வெடிப்பில் ஊறிய நீருக்கு மாற்றாகக் காவிரி நீரைச் சுத்திகரித்து வீடுகளுக்குக் கொண்டுவந்த இத்திட்டம், மாவட்டத்தின் பொதுநல வரலாற்றில் பெருஞ்செயல்.

உணவுவழி ஆய்வுகளும் நடந்துள்ளன. புளி உட்கொண்ட பள்ளிச் சிறுவரின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் பதிவுசெய்தனர். புளியமரம் செழித்த தருமபுரிக்கு இது பொருத்தமான செய்தி; என்றாலும் புளி நல்ல தண்ணீருக்கு ஈடாகாது.

ஒகேனக்கல் திட்டம் மனிதரின் குடிநீருக்கானது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பும் தோட்டங்களில் மாடும் பெரும்பாலும் அதையே குடிக்கும். ஆகவே வீட்டுக் குழாய் நீரோடு மாட்டுத் தொட்டி நீரையும், பள்ளிப் பிள்ளைகளின் பற்களோடு கன்றுகளின் பற்களையும் ஒரே ஆய்வில் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஓர் ஊரில் ஃபுளோரைடின் தாக்கம் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட முடியும்.