சாவி போட்டும் ஆயில் லைட் எரியலையா? பழைய கார் ஓட்டுறவங்க கவனிக்க வேண்டியவை

பழைய கார்களில் சாவியை ‘ஆன்’ செய்ததும், இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே ஆயில், பேட்டரி லைட்டுகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லைன்னா ‘பிரச்னை இல்லை’ன்னு அர்த்தமில்லை, பல்பு பியூஸ் போயிருக்கலாம். அப்படியே ஓட்டினால், ஆயில் பிரஷர் குறைந்தாலும் தெரியாது. இன்ஜினே சீஸ் ஆகிவிடலாம்.

பல்பா, சுவிட்சா?

இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்சில் இருக்கும் ஒற்றை ஒயரைக் கழற்றி, இன்ஜின் உலோகத்தில் தொடுங்கள். லைட் எரிந்தால் பல்பு நல்லா இருக்கு, கோளாறு சுவிட்சில். எரியலைன்னா பல்பு, ஒயரிங் இரண்டையும் பார்க்கணும்.

மாற்றுவது எப்படி?

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டர் போர்டை வெளியே எடுங்கள். பின்பக்கம் பல்பு ஹோல்டரை லேசாகத் திருப்பினால் வந்துவிடும். பழைய பல்பின் அதே வோல்ட், அதே வாட்டில் புதியதைப் போடுங்கள்.

பேட்டரி லைட்டில் உஷார்

பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகும். பல்பு போனால் பேட்டரி சார்ஜ் ஏறாமல் நடுவழியில் கார் நின்றுவிடலாம். இந்த இடத்தில் எல்இடி போட்டாலும் இதே சிக்கல் வரலாம்.